ஐம்பத்து நான்கு பூஜ்ஜியங்கள்

"கிளைமேட் சூப்பருங்க அம்மணி," என்கிறார் பக்கத்து சீட்காரர். வால்பாறை பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து இது மூன்றாவது தடவை. திருப்பூராம், பனியன் கம்பெனியாம், சம்சாரம் முன் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறார், இவர் மட்டும் ஜன்னலோரம் இருக்கிற என்னைத் தாண்டி வெளியே கையை நீட்டி நீட்டி, தானே சுட்டு அடுக்கிய பலகாரத்தைக் காட்டுகிற மாதிரி மலையைக் காட்டிக்கொண்டு வருகிறார். பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியாது. இவளுக்கு வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பாள் அம்மா. "சார், வால்பாறைல போன வாரம் மூணு கடைல சீலிங் ஃபேன் தீர்ந்துபோச்சு, தெரியுமா? இது பிப்ரவரி மாசம். எஸ்டேட் லைன் வீட்ல ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது சார், அந்தக் காலத்துல எவனும் அது வேணும்னு நினைக்கல, இப்ப உத்தரத்துல கயிறு கட்டித் தொங்கவிடறாங்க," என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இங்க ஃபேன் யாவாரம் நல்லா ஓடும்னு சொல்லுங்க," என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை, நிஜமாகவே யோசிக்கிறார், கடை எங்கே போடலாம் என்று. கவர்க்கல்லில் பஸ் திரும்புகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக வந்தபோது இந்த இடத்தில் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு, கண்டக்டர் கதவில் தொங்கி "வரட்டும் வரட்டும்" என்று கத்தக் கத்த, மூடுபனிக்குள் தடவித் தடவி வந்தோம், என் கையே எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பளிச்சென்று இருக்கிறது, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி, கீழே ஆழியாறு வரை தெரிகிறது, பஸ்ஸில் எல்லோரும் ஆஹா என்கிறார்கள். ஆஹாவாம். பனி இல்லாததால்தான் இவ்வளவு தூரம் தெரிகிறது என்று ஒருத்தருக்காவது தோன்றுகிறதா.

நாலு மணிக்கு சாரைப் பார்க்க வேண்டும். தணிகாசலம் சார், என் கைடு. என் மடியிலிருக்கிற பைக்குள் மூன்று நோட்டு, பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு. மூன்று வருஷம் அதற்குள் இருக்கிறது. திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது, கொண்டைமலை உச்சியில் கண்ணாடிப் பாலம் கட்டலாமா என்று முடிவு செய்ய. பாலம் என்றால் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகிற பாலம் இல்லை, எங்கேயும் போகாத பாலம், உச்சியிலிருந்து அந்தரத்தில் நாற்பது அடி நீண்டு சும்மா நின்றுவிடும், ஜனங்கள் அதன்மேல் நின்று கீழே பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அந்த உச்சியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத உயிர் ஏதாவது அங்கே உண்டா என்று கமிட்டி எங்களைக் கேட்டிருக்கிறது. உண்டு. ஒரு தவளை. மூன்று வருஷமாக, மேலே மூன்று கீழே மூன்று என மலையில் ஆறு இடத்தில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நேற்று மத்தியானம் சார் போனில், அந்த மெத்தென்ற குரலில், "மங்கை, கீழ் மூணு இடத்துக்கும் பூஜ்ஜியம் போட்டிருக்கேல்ல, அதை மட்டும் கோடாக்கிடும்மா," என்றார். கோடாக்கிடும்மா. சட்டையில் பித்தான் தைத்துக் கொடும்மா என்கிற மாதிரி. பூஜ்ஜியம் வேறு, கோடு வேறு என்று முதல் நாள் எனக்குச் சொன்னதே அவர்தான். போய் நின்று, காது கொடுத்துக் கேட்டு, ஒன்றும் கேட்கவில்லையென்றால் பூஜ்ஜியம். போகவே இல்லையென்றால் கோடு. பூஜ்ஜியத்தையெல்லாம் கோடாக்கினால், தவளை கீழே இல்லை என்பது கீழே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும், பிறகு கமிட்டி என்ன சொல்லும், கீழேயும் இருக்கக்கூடும், ஆகவே உச்சியில் பாலம் கட்டலாம். ஒரு வட்டத்தை நிமிர்த்திக் கோடாக்குவதில் ஒரு மலையே போய்விடும். "மழையில போக முடியலைன்னு ஒரு வரி சேர்த்துடலாம், பொய்யில்லையே, எத்தனையோ நாள் உன்னால போக முடியலதானே," என்றார். "போக முடியாத நாளுக்குக் கோடுதான் சார் போட்டிருக்கேன், பூஜ்ஜியம் போட்ட ஐம்பத்தி நாலு நாளும் போய் நின்னேன் சார், ஒவ்வொரு நாளும் நின்னேன்," என்று கத்தினேன். டீக்கடையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒவ்வொரு நாளும். அப்படித்தான் சொன்னேன்.

நாற்பதுக்கு நாற்பது என்று மஞ்சள் பலகை. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். இனி நாற்பது வளைவும் ஒவ்வொன்றாகக் குறையும், ஒவ்வொன்றிலும் காற்று கொஞ்சம் சூடேறும், காது அடைக்கும், திறக்கும். நான் இறங்குகிறேன். எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் இறங்குகிறேன். தவளை ஏறுகிறது, காட்டுப் பூவரசு ஏறுகிறது, மயில் ஏறுகிறது. மயில்! பொள்ளாச்சி வெயிலில் சோளக்கொல்லையில் மேய்கிற பறவை, கொண்டைமலை புல்வெளியில் போன டிசம்பரில் தோகையை இழுத்துக்கொண்டு நடக்கிறது, எஸ்டேட்டில் ஒருத்தர் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், முருகன் மலையேறி வந்துட்டார் என்று. முருகன் வரட்டும், நல்லா வரட்டும், ஆனால் மயில் என்ன தின்னும் என்று யாராவது கேட்டார்களா, கட்டை விரல் நகம் அளவே இருக்கிற தவளை அதற்கு ஒரு வாய்க்கு ஆகுமா. நகம் அளவுதான். பாசி நிறம், வயிற்றோரம் மஞ்சள் தடம். தலைப்பிரட்டையே கிடையாது அதற்கு, குளம் குட்டை எதுவும் வேண்டாம், நனைந்த இலைச் சருகுக்கு அடியில் முட்டை இடும், முட்டைக்குள்ளேயே வாலை உதிர்த்துவிட்டு முழுத் தவளையாக, கடுகு மாதிரி, நாலு காலோடு வெளியே வரும். வேண்டியதெல்லாம் ஈரம். மூடுபனி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. பனி நூறு அடி மேலே தூக்கினால் இதுவும் நூறு அடி மேலே போக வேண்டும், இல்லையென்றால் முட்டை காய்ந்து சருகோடு சருகாகிவிடும். எவ்வளவு மேலே போகும்? மலைக்கு ஒரு உச்சி இருக்கிறதே. அதற்கு மேல் வானம்தானே, தவளை என்ன பறக்கவா செய்யும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சார் இதே மலையில், இதே ஆறு இடத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று கேட்டு எழுதிய நோட்டின் படம் என் போனில் இருக்கிறது. இரண்டாம் இடம்: பதினேழு. பதினேழு ஆண் தவளைகள் ஒரே நேரத்தில், டிக் டிக் டிக் என்று, பால்பாயிண்ட் பேனாவை அமுக்கி அமுக்கி விடுகிற மாதிரி. பக்கத்தில் சார் அந்த இளம் வயதுக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார், கடிகாரக் கடைக்குள் நிற்பது போல் இருக்கிறது என்று. அந்த மனிதர்தான். அதே மனிதர்தான் கோடாக்கிடும்மா என்கிறார். தன் காது கேட்டதைத் தானே இல்லை என்று சொல்ல ஒருவரால் எப்படி முடிகிறது. அடுத்த ப்ராஜெக்ட் வேண்டும், கமிட்டியில் நாற்காலி வேண்டும், முட்டிவலிக்கு லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் அறை வேண்டும். தெரியும். எல்லாம் தெரியும்.

நாலு மணிக்கு என்ன பேச வேண்டும் என்று நேற்றிலிருந்து மனசுக்குள் பேசிப் பேசிப் பார்க்கிறேன். சார், இல்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு சார். இல்லை என்று சொல்ல எத்தனை தடவை போய் நிற்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, ஆறு தடவை போதும் என்று நீங்களே எழுதிய கட்டுரை இருக்கிறது, நான் ஒவ்வொரு இடத்துக்கும் வருஷத்துக்கு ஆறு, மூன்று வருஷத்துக்குப் பதினெட்டு, மூன்று இடத்துக்கு ஐம்பத்து நாலு. அட்டை கடித்த தழும்பு காட்டட்டுமா, கணுக்காலிலிருந்து முட்டி வரை எண்ணிப் பாருங்கள். அதற்கு சார் சிரிப்பார், அட்டை கடித்தது அட்டைக்கு ஆதாரம்மா, தவளைக்கு இல்லை, என்பார், இந்த மாதிரி ஒரு வரி எப்போதும் வைத்திருப்பார். அப்போது நான், வெப்பமானிப் பெட்டியைப் பாருங்கள் சார், கீழ் மூணு இடத்திலும் ராத்திரிக் குளிர் ஒன்றரை டிகிரி குறைந்திருக்கிறது, தை மாசத்தில் பூக்க வேண்டிய காட்டுப் பூவரசு ஐப்பசியிலேயே பூத்துவிட்டு, தேன்சிட்டு வரும்போது மொட்டைக் கொம்பாக நிற்கிறது, இதெல்லாம் யாரைக் கேட்டு நடக்கிறது சார், எந்த கமிட்டி கையெழுத்துப் போட்டது. நன்றாக இருக்கிறது. இந்த இடத்தில் குரலை உயர்த்தக்கூடாது. டிக். டிக் டிக். என்ன அது. ஜன்னல் ஷட்டரின் கொக்கி, பஸ் குலுங்கும்போதெல்லாம் அடித்துக்கொள்கிறது, டிக் டிக், கையால் பிடித்தேன், நின்றது, விட்டேன், டிக். வேறு சீட் இல்லை. டிக். சரி, ஐம்பத்து நாலு என்றேனே. ஐம்பத்து நாலும் போய் நின்றேன் என்றேனே. சொல்லும்போது அந்த நாள் நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. சத்தியமாகவா? தெரியவில்லை. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ என்று இப்போது தோன்றுகிறது. இருபத்தெட்டாவது வளைவு. முன் சீட்டு அம்மாள் கேரி பேக் கேட்கிறார். கண்டக்டர் எங்கிருந்தோ ஒன்றை உருவிக் கொடுத்து, "ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டாதீங்கம்மா, எதிர்ல லாரிக்காரன் சீவிட்டுப் போயிருவான்," என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நேற்று சாயங்காலம் பாக்கியம் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "நீங்க போயிருவீங்க மேடம், நான் இங்கதான் கெடக்கணும், கடைக்காரன் என்னைய என்ன நெனைப்பான்," என்றாள். பாக்கியம் என்னைவிட ஆறு வயசு மூத்தவள், எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், மூன்று வருஷமாக எனக்கு ஃபீல்ட் அசிஸ்டென்ட், அதாவது எனக்கு முன்னால் நடந்து வழி பார்ப்பவள், காட்டுமாடு வாடை தெரிந்து என் முழங்கையைப் பிடித்து நிறுத்துபவள், தவளைக்குக் கடியாரக்காரன் என்று பெயர் வைத்தவள். என்னை மேடம் என்று கூப்பிடுவதிலேயே ஒரு நக்கல் வைத்திருப்பாள். டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே, ஏதோ பழைய வேடிக்கை சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "போன வருசத்துக்கு முந்தின ஆனில, உங்களுக்குக் காய்ச்சலடிச்ச அன்னிக்கு, ரெண்டாம் எடத்துல ஒருத்தன் கத்திக்கிட்டுக் கெடந்தான் மேடம். ஒத்தையாளு. பொண்டாட்டி தேடி. எனக்கே பாவமாப் போச்சு, நின்னு கேட்டுட்டு வந்தேன்." எந்த அன்னிக்கு என்றேன். எந்த அன்னிக்கு என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் கூட இல்லை அது. மழை, சாக்ஸுக்குள் அட்டை, இடுப்புவலி, தகரக் கொட்டகையில் எஸ்டேட் கண்காணி வைத்துவிட்டுப் போன அடுப்பில் கணகணவென்று நெருப்பு. இரண்டாம் இடத்துக்கு ஓடையைத் தாண்டி இருபது நிமிஷம் ஏற வேண்டும். மூன்றாம் இடத்து வெப்பமானிப் பெட்டியை எடுக்கப் பாக்கியத்தை அனுப்பிவிட்டு, நான் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, தேதி போட்டு, இரண்டாம் இடம் என்று எழுதி, அங்கே எப்போதும் பூஜ்ஜியம்தானே, நேற்றும் பூஜ்ஜியம், போன வாரமும் பூஜ்ஜியம், போனாலும் பூஜ்ஜியம்தானே என்று ஒரு வட்டம் போட்டேன். சின்ன வட்டம். அழகான வட்டம். போகாத நாளுக்குக் கோடு போட வேண்டும் என்று தெரியும், கோடு போட்டால் அந்த நாள் கணக்கில் சேராது, இன்னொரு நாள் இந்த மழையில் திரும்ப ஏற வேண்டும். அவ்வளவுதான் காரணம். அந்த நேரத்தில், நான் அந்த வட்டத்தை முடிக்கிற நேரத்தில், மேலே இருபது நிமிஷ தூரத்தில், அவன் உயிரோடு இருந்தான். டிக் என்று. பதில் வருகிறதா என்று நிறுத்தி. மறுபடி டிக் என்று. பதினேழு பேர் இருந்த கடையில் கடைசிக் கடியாரம். நான் அவனை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். "ஏன் பாக்கியம் அப்பவே சொல்லல?" என்றேன், எனக்கே தெரிந்தது குரல் எப்படி இருந்தது என்று, அவள்மேல் பழி போடப் பார்க்கிற குரல். பாக்கியம் டீயை உறிஞ்சினாள். "நான் எறங்கி வரையில நீங்க எழுதி நோட்ட மூடிட்டீங்க. படிச்சவங்க எழுதி மூடுனதுக்கு அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? அதுவுமில்லாம நோட்டுல கேட்டவர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எப்பவும் உங்க பேருதான் மேடம் இருக்கும். என் காது அதுல சேத்தி இல்லையேன்னு விட்டுட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பாக்கியம் திட்டியிருக்கலாம். சிரித்தாள்.

இப்போது என்ன செய்ய. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பாக்கியம் கமிட்டிக்கு வரப் போவதில்லை, நோட்டில் வட்டம் அழகாக இருக்கிறது, ஐம்பத்து நாலு என்பது ஒரு முழு எண்ணிக்கை, யாரும் அசைக்க முடியாது. சொன்னால்? சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒண்ணு தப்புன்னா மத்த ஐம்பத்தி மூணை எப்படிம்மா நம்பறது, என்பார். அது மட்டுமா, பார்த்தியா, கீழேயும் இருந்திருக்கு, நீயே சொல்றே, என்பார், அந்த ஒத்தை ஆளை, பதில் கிடைக்காமல் கத்தின அந்த நகமளவு உயிரைக் கொண்டுபோய்க் கமிட்டி முன்னால் நிறுத்தி, இதோ சாட்சி, கீழே சௌக்கியமாக இருக்கிறான், பாலம் கட்டுங்கள் என்பார். என் ஒரு சோம்பேறித்தனத்துக்கு மலை விலையா. நியாயமா இது. வருஷம் முழுக்க ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் எந்த நோட்டிலும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஐம்பத்து மூன்று நாள் மழையில் நின்றவள் ஒரு நாள் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்ததற்குத் தலைகுனிய வேண்டுமா. மாட்டேன். சொல்ல மாட்டேன். இந்த உலகத்தில் நேர்மை என்பது எப்போதும் தோற்கிற பக்கத்துக்காரன்தான் காட்ட வேண்டிய அடையாள அட்டையா என்ன. டிக். பிடித்தேன் கொக்கியை. சார் கேட்பதும் இதைத்தானே. போன நாளைப் போகாத நாளாக மாற்று என்கிறார் அவர். நான் போகாத நாளைப் போன நாளாக மாற்றி வைத்திருக்கிறேன். அவர் பேனா, என் பேனா. இல்லை, அதுவும் இதுவும் ஒன்றில்லை, அவர் லாபத்துக்கு, நான் வலிக்கு, ஒன்றாகவே ஆகாது. டிக். ஒன்றில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொள்வேன்.

ஒன்பதாவது வளைவில் பஸ் நின்றது. வரையாடு. ரோட்டோரப் பாறையில் ஒரு பெட்டையும் குட்டியும், பத்தடியில். இரண்டு கார்க்காரர்கள் இறங்கி, ஒருவன் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு "பே பே" என்கிறான், வரையாட்டை அவன் வீட்டு வெள்ளாடு என்று நினைத்துவிட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஹலோ! அதுக்கு என்னத்தைக் குடுக்கறீங்க, அறிவில்ல?" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "கோச்சுக்காதீங்க மேடம், உங்களுக்கும் தர்றேன்," என்று பாக்கெட்டைக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் இறங்கிப் போய் பாக்கெட்டைப் பிடுங்கினார், "ஃபாரஸ்ட்காரன் பாத்தா ஃபைன் போடுவான்யா, போ போ." காது வரைக்கும் எரிகிறது எனக்கு. திருப்பூர்க்காரர் சிரிக்கவில்லை. "அம்மணி படிக்கறது இந்த ஆடு மாடு பத்திங்களா?" தவளை என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். "அதையெல்லாம் எப்படிங்க எண்ணுவீங்க?" காதால் என்றேன். பிறகு, அவர் கேட்காமலே, இவர் ஆழியாறு தாண்டினால் என் வாழ்க்கையில் மறுபடி வரப்போவதில்லை என்ற தைரியத்தில், சொன்னேன், ஐம்பத்து நாலு நாள் கேட்டதாக எழுதியிருக்கிறேன், ஒரு நாள் போகாமலே எழுதிவிட்டேன், என்று. அவர் தாடையைச் சொறிந்தார். "எங்க கம்பெனில செக்கிங்ல இது நடக்குமுங்க. பாக்காமயே பாத்ததா சீல் குத்திருவாங்க. அந்தப் பீஸு வெளிநாட்டுக்காரன் கைல சிக்குச்சுன்னா மொத்த லாட்டும் ரிட்டனு." தெரியும், அதுதானே பயம், என்றேன். "இருங்க, கேளுங்க. நாமளே முன்னாடி லெட்டர் போட்டு, இன்ன பெட்டில இன்ன பீஸு பாக்காம வந்திருச்சு, எடுத்துக் கடாசுங்கன்னு சொல்லிட்டா அந்த ஒரு பீஸோட போயிரும். அதுக்கப்புறம் மத்த பெட்டியப் பிரிக்கவே மாட்டான், நம்பிருவான்." கிளைமேட் சூப்பர் என்கிற ஆள், ஃபேன் கடை போடப் போகிற ஆள். இந்த ஆள் சொல்லியா நான் கேட்க வேண்டும். எரிச்சலாக வந்தது.

எட்டு. ஏழு. காற்று இப்போது அடுப்படிக் காற்று. பையைத் திறந்து இரண்டாவது நோட்டை எடுத்தேன். ஆனி மாதத்துப் பக்கம், ஓரத்தில் மழை பட்டு மை பரவியிருக்கிறது, மழையாவது பட்டிருக்கிறதே என்று ஒரு அசட்டு ஆறுதல். மழை இல்லை. கொட்டகைத் தகரத்தின் ஒழுகல். பதினேழு. பூஜ்ஜியம். நடுவில் ஒன்றுமில்லாமல், யாரோ ஒரு நாள் விளக்கை அணைத்த மாதிரி, பதினேழு, பூஜ்ஜியம். இந்தத் தாவலைத்தான் சார் பிடிப்பார், திடீரென்று எப்படிம்மா இல்லாமல் போகும், உன் காதில் கோளாறு இருக்கும் என்பார், இதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. பதினேழு, ஒன்று, பூஜ்ஜியம். ஒன்று. அது நடுவில் வந்து உட்கார்ந்ததும் தாவல் படியாகிவிட்டது. போய்க்கொண்டிருந்தது தெரிகிறது. கடைசியாக ஒருத்தன் நின்றது தெரிகிறது, அடுத்த வருஷம் ஆறு நாளில் ஒரு நாளும் அவனும் இல்லாதது தெரிகிறது. அவனைச் சாட்சி சொல்ல சார் கூப்பிட்டால் கூப்பிடட்டும், நானும் கூப்பிடுகிறேன், யாருக்காகப் பேசுகிறான் என்று பார்க்கலாம். அப்படியும் அவர்கள் பாலத்தைக் கட்டலாம். கட்டுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவன் இருந்தான் என்பதை நான் மறைத்து அவர்கள் கட்டக்கூடாது. ஆழியாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது பேனாவை எடுத்தேன். அழிக்கக்கூடாது, அதுவும் சார் சொன்னதுதான், தப்பை அழிக்காதே, ஒரே கோடு கிழி, அடியில் இருப்பது தெரிய வேண்டும், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடு. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். பக்கத்தில் எழுதினேன்: நான் போகவில்லை. உதவியாளர் திரும்பும் வழியில் நின்று கேட்டது: ஒன்று. பிறகு அந்தக் கட்டம். கேட்டவர். என் பெயரை அடித்துவிட்டு பாக்கியம் என்று எழுதப் போய், கை நின்றது. நோட்டில் எல்லாப் பெயரும் இனிஷியலோடு இருக்கும். பாக்கியத்தின் இனிஷியல் என்ன? மூன்று வருஷம். அவளுக்கு அட்டை கடித்தால் சுண்ணாம்பு தடவுகிற வழக்கம் தெரியும், டீயில் சர்க்கரை மூன்று ஸ்பூன் என்று தெரியும், இது தெரியாது. சாரைப் பற்றி என்னவெல்லாம் கோபப்பட்டேன் காலையிலிருந்து.

போனில் சிக்னல் வந்துவிட்டிருந்தது. சாரின் தவறிய அழைப்புகள் நாலு. பாக்கியத்தைக் கூப்பிட்டேன். "என்ன மேடம், வாந்தியா?" என்றாள் எடுத்ததும். "பாக்கியம், உன் இனிஷியல் என்ன?" "எதுக்கு? ரேசன் கார்டு வாங்கித் தரப் போறீங்களா?" "நோட்டுல எழுத. அந்த ஆனி மாசத்து ஒத்தையாளு. கேட்டவர் நீதானே." "எந்த இனிஷியலப் போடுவீங்க, எங்கப்பா பேரா, அவரு பேரா?" "கேட்டது உன் காது. உனக்கு எது வேணுமோ அது." "அப்ப எங்கம்மா பேரப் போடுங்க. சடச்சி. அதுக்குத்தான் எங்க வீட்டுல காது கூர்மை, பக்கத்து லைன்ல பால் பொங்குனா இங்க இருந்து சத்தம் போடும்." எழுதினேன். ச. பாக்கியம். நடுவில் சாரின் அழைப்பு ஐந்தாவது தடவையாக வந்து இடித்துக்கொண்டே இருந்தது. "சொன்னா உங்களுக்குப் பிரச்சனை வருமா மேடம்?" என்றாள் பாக்கியம், இந்தத் தடவை அந்த மேடத்தில் நக்கல் இல்லை. "வரும்." "வரட்டும். திங்கக்கிழமை நானும் வரட்டா? எப்படிக் கத்துனான்னு கத்திக் காட்டறேன்." சொல்லிவிட்டுப் போனிலேயே கத்திக் காட்டினாள், நாக்கை மேலண்ணத்தில் தட்டி, டிக், நிறுத்தி, டிக் டிக், நிறுத்தி. திருப்பூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்தைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதாக இரண்டு நீல டிக் வந்தது. ஆறாவது தடவையாக மணி அடித்தது. பஸ் கிளம்பிவிட்டது, ஷட்டர் கொக்கி மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, அதைப் பிடித்து நிறுத்தாமல் போனை எடுத்தேன். "மங்கை, என்னம்மா இது, என்ன அனுப்பியிருக்கே?" என்றார் சார். "சார், ஐம்பத்தி மூணு பூஜ்ஜியம் சார்," என்றேன். "ஒரு ஒண்ணு."